அளவுகோலுக்குள் அடங்காத அறிவு
(கணித மேதை இராமானுஜனின் வாழ்வு தரும் படிப்பினை)



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் விருதுநகர் மாவட்டத்தில் எங்கு திரும்பினாலும் மதிப்பெண் பற்றிய பேச்சே நிறைந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் நம் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முன்னணியில் நின்று வந்தது நமக்கெல்லாம் பெருமைக்குரியதாகும். எனினும், அந்தப் பெருமையின் நிழலில் தலைகுனிந்து ஒதுங்கி நிற்கும் சில பிள்ளைகளும் உண்டு. ஒன்றிரண்டு பாடங்களில் தவறிவிட்ட பிள்ளைகள் அவர்கள். இவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்து, அச்சகத்திலோ கடையிலோ சேர்த்துவிட்டு, அத்துடன் அவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

அறிவு என்பது ஒன்றா, பலவா? அதனை அளக்க முடியுமா? அளந்து கிடைக்கும் எண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யலாமா? உளவியல் அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வரும் கேள்விகள் இவை. இக்கேள்விகளுக்கு ஏட்டில் விடை தேடுவதைவிட, நம் தமிழ் மண்ணில் பிறந்து, இரண்டு கல்லூரிகளில் தோல்வியுற்று, பின்னர் உலகமே வியக்கும் கணித மேதையாக உயர்ந்த சீனிவாச இராமானுஜனின் வாழ்வில் விடை தேடுவது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள். வருமானம் குறைந்த குடும்பமாதலால், வீட்டில் கல்லூரி மாணவர்களைக் கட்டணத்திற்குத் தங்க வைத்து அதில் கிடைத்த சிறு தொகையையும் சேர்த்துக் காலம் தள்ளினர். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு, இறையருளால் பிழைத்த பிள்ளை அவர்.

1897-ஆம் ஆண்டு நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்களில் சிறந்த மதிப்பெண் பெற்று மாவட்டத்திலேயே முதல் மாணவராக அவர் தேறினார். வாசகர்கள் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னாளில் ஆங்கிலத்தில் தோற்றவர் என்று சொல்லப்படும் இதே இராமானுஜன், பத்து வயதில் எல்லாப் பாடங்களிலும் முதன்மையாக விளங்கியவர் ஆவார்.

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு முழுவதையும் பள்ளிப் பருவத்திலேயே அவர் கற்று முடித்தார். லோனி என்பார் எழுதிய கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதிற்குள் தாமே படித்துத் தேர்ந்தார். 1903-இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் வரிசையாக அடுக்கப்பட்ட நூல் அது. நிறுவும் முறைகள் அதில் மிகக் குறைவு. தேர்வுக்குப் படிப்போர் நினைவூட்டிக்கொள்வதற்காக எழுதப்பட்ட அந்நூல் வேறொரு மாணவனுக்குச் சலிப்பைத் தந்திருக்கும். இராமானுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்து, அதனைக் கடந்து புதியவற்றைத் தேடத் தொடங்கினார். அன்று முதல் கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை.

இரண்டு தேசங்களில் ஒரே ஆய்வு

1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்திற்கான பரிசைப் பெற்று, உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் இராமானுஜன் சேர்ந்தார். வியப்பிற்குரிய செய்தி யாதெனில், மனித அறிவை அளக்கும் முயற்சி மேலைநாடுகளில் வேரூன்றியதும் அதே காலத்தில்தான்.

அதே 1904-இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்த அவர், ஒரு பாடத்தில் சிறந்த பிள்ளை பெரும்பாலும் மற்றப் பாடங்களிலும் சிறந்திருப்பதைக் கண்டார். ஆகவே எல்லாத் திறமைகளுக்கும் அடியில் ஒரு பொது நுண்ணறிவு ஊற்றுப்போல் இருக்கிறது என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு துறைக்கும் உரிய தனித்திறன்கள் உள்ளன என்றும் அவர் கோட்பாடு வகுத்தார்.

பிரான்சில் ஆல்ஃபிரட் பினே என்னும் அறிஞர் வேறொரு நோக்கில் இதே பொருளை அணுகினார். பள்ளிப் பாடத்தைப் பின்தொடர இயலாமல் தவிக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்க அந்நாட்டு அரசு விரும்பியது. அதற்கென, தம் உதவியாளர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் முப்பது வினாக்களும் செயல்களும் கொண்ட ஒரு சோதனையைப் பினே அமைத்தார். உலகின் முதல் நுண்ணறிவுச் சோதனை என அது போற்றப்படுகிறது. இச்சோதனை உதவி தேவைப்படும் பிள்ளையை அடையாளம் காட்டுவதற்கானதே என்பதிலும், நுண்ணறிவு பிறவியிலேயே உறைந்துபோன பொருளன்று, பயிற்சியால் வளரக் கூடியது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

பினேயின் சோதனை வெளிவந்த அதே 1905-இல் கும்பகோணத்தில் நடந்தது என்ன? கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைப் புறக்கணித்த இராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார். உதவித்தொகை பறிபோனது. கட்டணம் செலுத்த வழியில்லை. மனமுடைந்த அவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றுவிட்டார். பிரான்சில் பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுப்பதற்காக ஒருவர் அளவுகோல் செய்துகொண்டிருந்தார். நம் நாட்டிலோ தேர்வு என்னும் அளவுகோல் ஒரு பிள்ளையைத் தெருவில் நிறுத்தியது.

தோல்வியின் ஆண்டுகள்

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் ஒரு வாய்ப்புக் கிட்டியது. அங்கும் கணிதம் தவிர்த்த மற்றப் பாடங்கள் அவரைக் கைவிட்டன. உடல்நலமும் கெட்டது. எஃப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் தவறினார். அக்காலத்தில் எஃப்.ஏ. தேறாதவருக்குப் பட்டப்படிப்பின் வாசல் அடைபட்டுவிடும். 1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தேறியது. இருபத்திரண்டு வயதில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை, குடும்பப் பொறுப்பு மட்டும் தோளில் ஏறியிருந்தது.

ஆயினும் அவர் கணிதத்தை விடவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாததால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, கிடைத்த விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவருடைய குறிப்பேடுகளில் முடிவுகள் நிறைந்தும் நிறுவும் முறைகள் அரிதாகவும் காணப்படுவதற்கு இந்த வறுமையும் ஒரு காரணம் என்பர்.

கைகொடுத்த நல்லோர்

பெருமக்களே! இராமானுஜனின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. அவருக்குத் திறந்த ஒவ்வொரு வாசலுக்குப் பின்னாலும், அவரது குறிப்பேட்டைப் பொறுமையுடன் புரட்டிப் பார்த்த ஒரு மனிதர் இருந்தார்.

1910-இல் ஓர் எழுத்தர் வேலை கேட்டுத் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரை அவர் நாடிச் சென்றார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் இவரே. குறிப்பேட்டைக் கண்ட அவர், இத்தகைய ஒருவரைக் கடைநிலை எழுத்தராக அமர்த்தி அந்தத் திறமையை அமிழ்த்திவிட விரும்பாமல், அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பி வைத்தார். நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். பலமுறை சந்தித்துப் பேசிய பின் தெளிந்தார். இராமானுஜன் அவரிடம் கேட்டது வயிற்றுக்கு உணவும் ஆய்வு செய்ய ஓய்வும் மட்டுமே. மாதம் 25 ரூபாய் வீதம் அவர் தம் சொந்தப் பொறுப்பில் அளித்து வந்தார். 1911-இல் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளியானது.

1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அவர் பணியேற்றார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தம் கீழ்ப் பணியாளரான அந்த இளைஞருடன் இரவு நேரங்களில் கற்பலகையோடு அமர்ந்து கணிதம் பேசினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார்.

இவர்கள் தந்த ஊக்கத்தால், 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, சுமார் 120 தேற்றங்களுடன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதிய கடிதங்கள் பலன் தரவில்லை. ஹார்டியும் முதலில் இது ஏமாற்று வேலையோ என ஐயுற்றார். ஆனால் தூக்கி எறிந்துவிடாமல், தம் தோழர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து மணிக்கணக்கில் ஆராய்ந்தார். முதல்தரக் கணித அறிஞர் ஒருவரால் மட்டுமே எழுதக் கூடிய தேற்றங்கள் அவை என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர்.

அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்காகத் தன் வழக்கத்தைத் தளர்த்தி, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இரண்டு கல்லூரிகளில் தவறியவருக்குப் பல்கலைக்கழகமே வாசல் திறந்தது.

கடல் கடந்த புகழ்

கடல் கடந்து செல்லலாகாது என்ற தம் சமூக வழக்கத்தைத் தாயாரின் சம்மதத்துடன் மீறி, 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறினார். சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. குளிரும், சைவ உணவுக்கு நேர்ந்த தட்டுப்பாடும், தனிமையும் அவரை வாட்டின. ஆயினும் ஹார்டியுடன் இணைந்து உலகம் வியக்கும் ஆய்வுகளை வெளியிட்டார். 1916-இல் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918-இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினராகவும், அவ்வாண்டே டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கல்லூரியில் இச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் ஹார்டி கூற, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையில் இருந்தபடியே இராமானுஜன் விளக்கியதை அறியாதார் இலர். ஒன்றின் கனத்துடன் பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினாலும், ஒன்பதின் கனத்துடன் பத்தின் கனத்தைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும்.

1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது முப்பத்திரண்டே. தம் இறுதி நாட்களில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஆராயும் பணி பல்லாண்டுகள் நீடித்தது.

அளவுகோல் ஆயுதமான கதை

இராமானுஜன் இங்கிலாந்தில் சிறப்புற்றிருந்த அதே ஆண்டுகளில் பினேயின் சோதனை அமெரிக்காவில் வேறு வடிவம் எடுத்தது. 1911-இல் பினே காலமானபின், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை 1912-இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன் முன்வைத்தார். அமெரிக்காவின் டெர்மன் 1916-இல் அதனை நூறால் பெருக்கி நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணாக்கிப் பரப்பினார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் சுமார் 17 இலட்சம் பேருக்கு இத்தகைய சோதனைகள் நடத்தப்பட்டன. அம்முடிவுகளைக் கொண்டு, சில நாட்டு மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தோர் என்று பிரிகாம் என்பவர் 1923-இல் நூல் எழுதினார். சோதனைத் தாளின் மொழியும் பழக்கவழக்கமும் அறியாதவர்கள் அதில் பின்தங்கியது இயல்பே. 1930-இல் அவரே தம் முடிவு பிழையானது என்று ஒப்புக்கொண்டார். உதவி செய்யப் பிறந்த கருவி, மனிதர்களைத் தரம்பிரித்து ஒதுக்கும் ஆயுதமாயிற்று.

டெர்மன் 1921-இல் தொடங்கிய ஆய்வும் ஒரு பாடம் புகட்டுகிறது. உயர்ந்த நுண்ணறிவு ஈவு பெற்ற ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களின் வாழ்வைப் பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நல்ல நிலைக்கு உயர்ந்தனர் என்பது உண்மையே. ஆனால் மதிப்பெண் போதவில்லை என்று அவ்வாய்வில் சேர்க்கப்படாத சிறுவர் இருவர், ஷாக்லி, அல்வாரெஸ் என்போர், பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அறிஞர்கள் கூறும் பல விளக்கங்கள்

ஸ்பியர்மனுக்குப் பின் வந்த தர்ஸ்டன் 1938-இல், அறிவு ஒரே ஊற்றன்று. சொல்லாற்றல், எண்ணாற்றல், நினைவாற்றல் என ஏழு அடிப்படைத் திறன்களின் தொகுதி என்றார். நம் நாட்டில் சந்திர மோகன் பாட்டியா 1955-இல், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளையும் சோதிக்கத்தக்க, மொழியை நம்பாத செயல்முறைச் சோதனைகளை வெளியிட்டார். 1983-இல் ஹோவர்டு கார்ட்னர் மொழி, கணிதம், இசை, உடலியக்கம், பிறரைப் புரிந்துகொள்ளுதல் என நுண்ணறிவைப் பலவாகப் பகுத்தார். 1985-இல் ஸ்டெர்ன்பெர்க், பகுத்தாயும் அறிவு, புதியன படைக்கும் அறிவு, அன்றாட வாழ்வில் செயல்படுத்தும் அறிவு என மூன்றாக வகுத்தார். இவர்களிடையே கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. கார்ட்னரின் கோட்பாட்டிற்குச் சோதனைச் சான்றுகள் போதவில்லை என்பாரும், ஸ்பியர்மனின் பொது நுண்ணறிவுக்கே வலுவான சான்றுகள் உண்டு என்பாரும் பலர்.

இக்கோட்பாடுகளில் எது இராமானுஜனுக்குப் பொருந்தும்? பத்து வயதில் எல்லாப் பாடங்களிலும் முதல்வராக நின்றவர் ஸ்பியர்மனின் கூற்றுக்குச் சான்றாகிறார். பதினெட்டு வயதில் கணிதம் ஒன்றைத் தவிர அனைத்திலும் தவறியவர் கார்ட்னரின் கூற்றுக்குச் சான்றுபோல் தோன்றுகிறார். இரண்டு வயதிலும் அறிவு ஒன்றே; மாறியது நாட்டம். தேர்வு பொய் சொல்லவில்லை. அவர் கட்டுரைப் பாடத்தைப் படிக்கவில்லை என்ற உண்மையைத்தான் அது சொன்னது. அவரால் எதுவும் இயலாது என்று அதற்குப் பொருள் கொண்டதே பிழை. மதரஸா வகுப்பிலும் இதனை நாம் காண்கிறோம். ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் மனனம் செய்துவிடும். மற்றொரு பிள்ளைக்கு மனனம் மெதுவாகவே வரும். ஆனால் அது கேட்கும் ஒரு கேள்வி பாடத்தின் வேரையே தொட்டுவிடும். இவ்விருவரில் யார் அறிவாளி என்று ஒரே அளவுகோலால் எவ்வாறு அளப்பது?

அளக்கப்படாத ஓர் அறிவு

இவ்வரலாற்றில் ஜானகி அம்மாளையும் மறத்தலாகாது. சிறு வயதில் மணமுடித்து, இருபத்தொன்று வயதில் கணவரை இழந்த அவர், தையற்கலையைக் கற்றுச் சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் உழைப்பில் வாழ்ந்தார். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்த அவரது அறிவை அளக்க எவரும் முன்வந்ததில்லை. நம் வீடுகளில் ஆணுக்கு மேல்படிப்பு, பெண்ணுக்குத் திருமணம் என்று முடிவெடுக்கும்போது, எந்த அறிவை அளக்காமலே மூடி வைக்கிறோம் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் பொறுப்பு

தேர்வில் தவறும் பிள்ளைகள் அனைவரும் இராமானுஜன் ஆவர் என்று நாம் கூறவில்லை. படிப்பைப் புறக்கணிப்பது நன்று என்றும் கூறவில்லை. இராமானுஜனே அதற்காகப் பல ஆண்டுகளையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுத்தார். தக்க வழிகாட்டி ஒருவர் 1905-லேயே கிடைத்திருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்க மாட்டா. தவறிய பிள்ளை அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுத இன்று வழி உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. வாய்ப்புகளை எடுத்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுத்து, உடன் அழைத்துச் செல்லும் பெரியவர்தாம் பல வீடுகளில் இல்லை.

1919 ஜனவரியில், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, பெற்றோருக்கு அனுப்புவதும் தம் தேவையும் போக எஞ்சிய தொகையை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு நோயுற்ற நிலையிலும் இராமானுஜன் எழுதிக் கேட்டுக்கொண்டார். கட்டணம் செலுத்த இயலாமல் கல்லூரியை விட்டு வெளியேறிய வேதனை அவர் நெஞ்சில் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, கண்ணியத்திற்குரியவர்களே! நம் மஹல்லாவில் இவ்வாண்டு தேர்வில் தவறிய பிள்ளைகள் எவர் எவர் என்பதை ஒவ்வொரு தெருவிலும் உள்ள பெரியவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கடிந்துகொள்வதற்காக அன்று, அவர்களுடன் அமர்ந்து, எதில் நாட்டம், எங்கே தடை என்று கேட்டறிவதற்காக. அவர்களின் குறிப்பேட்டை ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். இராமசாமி ஐயரும், இராமச்சந்திர ராவும், நாராயண ஐயரும், ஹார்டியும் செய்தது அவ்வளவே. அந்தச் சிறு பணியைச் செய்ய நாம் அனைவரும் முன்வருவோமாக! வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வழங்குவானாக! ஆமீன்.